பிள்ளைக்கு அறம் சொல்லித்தர எதை அடிப்படையாக வைப்பது: கிறிஸ்தவமா, பகுத்தறிவு மனிதநேயமா?

வடசென்னையின் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கத்தில் இது புதிய பிரச்சினை அல்ல. பெண் வீட்டில் ஞாயிறு பூசை தவறாது. மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் பெரியார் படம் மாட்டியிருக்கும். கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் எப்படியோ ஒத்துப்போய்விடுகிறார்கள். பிள்ளைக்கு ஆறு, ஏழு வயதாகும்போதுதான் உரசல் தொடங்குகிறது. மறைக்கல்வி வகுப்பில் சேர்க்கச் சொல்லி அம்மாவின் அம்மா கேட்பார். "புள்ள மனசுல இப்பவே பயத்த ஏத்தாதீங்க" என்று அப்பாவின் அப்பா மறிப்பார். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 7 வயது முடிந்தால் பிள்ளைக்கு நல்லது கெட்டது பிரித்தறியும் அறிவு வந்துவிட்டதாகக் கொள்கிறது. புதுநன்மைக்கான, அதாவது முதன்முறை நற்கருணை வாங்குவதற்கான தயாரிப்பும் அந்த வயதை ஒட்டியே தொடங்குவதால், முடிவை அதற்கு மேல் தள்ளிப்போட முடிவதில்லை.

பேச்சு சண்டையாவதற்குக் காரணம், மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. கடவுள் இருக்கிறாரா என்பது ஒன்று. ஒரு செயல் சரி என்றால் அதைச் சரியாக்குவது எது என்பது இரண்டாவது. ஒரு பிள்ளை நல்ல மனிதனாக எப்படி வளர்கிறது என்பது மூன்றாவது. முதல் கேள்வியை இங்கே தொடப்போவதில்லை. அதற்கு விடை கிடைக்கும்வரை காத்திருந்தால் பிள்ளைக்குக் கல்யாணமே ஆகிவிடும். மற்ற இரண்டுக்கும் ஒரே பக்கம் வெற்றி பெறுவதில்லை. இரண்டாவதில் மனிதநேயம் உறுதியாக நிற்கிறது. மூன்றாவதில் கிறிஸ்தவம் வெகுதூரம் முன்னால் இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் எடுக்கிற முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாதியில் தடுமாறும்.

சரி என்பதைச் சரியாக்குவது எது?

இந்தக் கேள்வியை முதலில் கூர்மையாக்கியவர் கிரேக்க அறிஞர் பிளேட்டோ. கடவுள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, அல்லது அது நல்லது என்பதால் கடவுள் விரும்புகிறாரா? முதலாவது என்றால், நாளைக்கே கடவுள் கொலையை விரும்பினால் கொலையும் நல்லதாகிவிடும். இரண்டாவது என்றால், நன்மைக்குக் கடவுளைத் தாண்டிய ஓர் அளவுகோல் இருக்கிறது. கிறிஸ்தவ வீட்டில் வளரும் பிள்ளைக்கு இந்தக் கேள்வி ஆதியாகமம் 22-ல் வந்துவிடும். கடவுள் சொன்னார் என்று ஆபிரகாம் தன் மகனையே பலியிடக் கிளம்புகிறார். "சாமி சொன்னா அப்பா என்னையும் வெட்டுவாரா?" என்று பத்து வயதுப் பிள்ளை கேட்டால், அதை அதிகப்பிரசங்கித்தனம் என்று அடக்கக் கூடாது. தத்துவ வகுப்புகளில் இன்றும் அலசப்படுகிற கேள்வி அது.

கிறிஸ்தவத்துக்குள்ளேயே இதற்கு இரண்டு விடைகள் உண்டு. கடவுள் கட்டளையிட்டார், அதனால் அது கடமை என்பது ஒன்று. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் விரித்துச் சொன்ன இயற்கைச் சட்டம் இன்னொன்று. கடவுள் மனிதனை ஓர் இயல்போடு படைத்தார். அந்த இயல்புக்கு எது நலம் என்பதை மனிதன் தன் பகுத்தறிவாலேயே கண்டுகொள்ளலாம். வேதம் அதைத் தெளிவாக்குகிறது, உறுதிப்படுத்துகிறது என்பது அதன் சாரம். கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாவது வழியில் நிற்கிறது. சீர்திருத்தச் சபைகள் சிலவற்றிலும் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றிலும் முதல் வழியின் அழுத்தம் அதிகம். ஆகவே "கிறிஸ்தவமா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், பிள்ளை போகப்போகிற சபை இதில் எந்த வழியில் கற்பிக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு ஆலயங்களில் இரண்டு வேறு விடைகள் கிடைக்கலாம்.

திருத்தூதர் பவுல் எழுதிய கடிதமான ரோமர் 2:14–15 இந்த விவாதத்துக்கு மிக முக்கியம். திருச்சட்டம் கிடைக்காத பிற இனத்தாரும் அது கேட்பதை இயல்பாகவே செய்கிறார்கள், அந்தச் சட்டம் அவர்கள் உள்ளத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று அவர் சொல்கிறார். வேதம் தெரியாதவனுக்கும் அறம் தெரியும் என்பது நாத்திகர் கண்டுபிடித்த வாதம் அல்ல. கிறிஸ்தவத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. "கடவுள் பயம் இல்லன்னா யாரும் யோக்கியமா இருக்க மாட்டான்" என்று சொல்பவர்கள் பவுலோடுதான் முரண்படுகிறார்கள்.

மனிதநேயம் தொடங்கும் இடம் வேறு. வலிக்கும், பசிக்கும், அவமானம் சுடும் உயிர் இது. அந்த வலி எனக்குப் பொருட்டென்றால் உனக்கு நேர்வதும் பொருட்டே. 'அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை' என்ற 315-ஆம் குறளைவிடச் சுருக்கமாக இதை யாரும் சொன்னதில்லை. உலக மனிதநேயர்கள் 1952-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடி வெளியிட்டு, 2002-லும் 2022-லும் திருத்திய பிரகடனமும் இதையே விரிவாகச் சொல்கிறது: அறத்துக்கு மேலிருந்து வரும் கட்டளை தேவையில்லை, பரிவும், பகுத்தறிவும், மாறத் தயாராக இருக்கும் மனமும் போதும். நம் அரசியலமைப்பின் 51ஏ(எச்) பிரிவும் அறிவியல் மனப்பான்மை, மனிதநேயம், ஆராய்ச்சி உணர்வு, சீர்திருத்தம் ஆகியவற்றைக் குடிமக்களின் கடமையாக 1976 திருத்தத்தில் சேர்த்தது. சென்னைக்கும் இது பெரியாருக்கு முந்தைய மரபு. 1880-களிலேயே இங்கே மதம் சாராத சிந்தனையாளர்களின் சென்னை இலௌகிக சங்கம் இயங்கியது. அதன் சார்பில் தத்துவவிவேசினி என்ற தமிழ் இதழ் 1882 முதல் 1888 வரை வந்தது.

மனிதநேயத்திலும் ஓர் இடைவெளி உண்டு. உலகம் இப்படி இருக்கிறது என்பதிலிருந்து, நான் இப்படி நடக்க வேண்டும் என்ற முடிவுக்கு நேராகத் தாவ முடியாது என்று ஸ்காட்லாந்து தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740-லேயே காட்டிவிட்டார். பிறர் வலி பொருட்டு என்பதை எந்தப் பரிசோதனைக் கூடமும் நிரூபிக்காது. அது ஒரு தொடக்கப்புள்ளி, ஏற்றுக்கொண்டுதான் நகர வேண்டும். ஆனால் கிறிஸ்தவத்துக்கும் ஒரு தொடக்கப்புள்ளி தேவைப்படுகிறது, அது இன்னும் பெரியது. கடவுள் இருக்கிறார், அவர் நல்லவர், பேசியிருக்கிறார், அதை நாம் சரியாகப் புரிந்துகொண்டோம் என்று நான்கை அங்கே ஏற்க வேண்டும். இங்கே ஒன்றுதான். அதையும் ஒருவனுக்கு அடிபட்ட இடத்தைத் தொட்டே உணர்த்திவிடலாம். நியாயப்படுத்தும் வேலையில் மனிதநேயம் உறுதியானது என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் ஒரே ஓர் இடத்தில் கிறிஸ்தவத்தின் பதில் சட்டென்று, தடுமாற்றமே இல்லாமல் வருகிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒற்றை அறை வீடு. மறதி நோய் முற்றிய ஆயா. பெற்ற மகளையே யாரென்று தெரியாது. சாப்பாட்டை ஊட்ட வேண்டும், துணியை மாற்ற வேண்டும், இரவில் எழுந்து தெருவுக்குப் போய்விடாமல் தாழ் போட வேண்டும். இந்த மனுஷியின் மதிப்பு என்ன? கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் என்கிறது ஆதியாகமம் 1:27. நினைவு போனாலும் அந்தச் சாயல் போகாது. மனித மதிப்புக்குக் காரணம் பகுத்தறிவு என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த மனிதநேயர், பகுத்தறிவே இல்லாத இந்த ஆயாவின் முன்னால் வாயடைத்துப்போவார். மனிதநேயத்தைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் செய்யும் அடிப்படைத் தவறே இதுதான். அறிவை மையத்தில் வைக்காதீர்கள், உணர்தலை வையுங்கள். வலியும் பயமும் ஆயாவுக்கு இன்னும் இருக்கின்றன, ஒரு கை பிடித்தால் வரும் ஆறுதலும் இருக்கிறது. நாளை எனக்கும் அந்த நிலை வரலாம். அங்கிருந்து தொடங்கினால் மனிதநேயமும் அதே கட்டிலருகே வந்து நிற்கும்.

நடைமுறையில் எங்கே ஒன்றுபடும், எங்கே பிரியும்?

படகு வருமானத்தை எடுத்துக்கொள்வோம். காசிமேட்டில் விசைப்படகு கரை சேர்ந்து மீன் ஏலம் போனபின், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்கள். உரிமையாளர் டீசல் கணக்கைக் கொஞ்சம் கூட்டி எழுதினால் ஒவ்வோர் ஆளின் பங்கிலும் கை வைத்தாயிற்று. கேட்க யாரும் துணிய மாட்டார்கள். களவு செய்யாதே என்பது கத்தோலிக்கர் எண்ணிக்கையில் ஏழாம் கட்டளை, சீர்திருத்தச் சபையினர் பெரும்பாலோர் எண்ணிக்கையில் எட்டாம் கட்டளை. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 எச்சரிக்கிறது. லூக்கா 19-ல் வரி வசூலிக்கும் சக்கேயு ஏமாற்றியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறான். கத்தோலிக்க மறைக்கல்வியும் திருடிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதை நீதியின் கடமையாக வைத்திருக்கிறது. மன்னிப்பு கேட்டாகிவிட்டது என்பதற்காகப் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. மனிதநேயர் கேட்பது: யாருக்கு இழப்பு? அவர்கள் தெரிந்து சம்மதித்தார்களா? அவர்கள் இடத்தில் நீ நின்றால் ஏற்பாயா? முடிவு ஒன்றேதான். அடுத்த அடியில்தான் வித்தியாசம். கிறிஸ்தவ வழி அந்த உரிமையாளரின் மனத்தைத் திருத்தப் பார்க்கிறது. மனிதநேய வழி டீசல் ரசீதை எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டச் சொல்கிறது. பிள்ளைக்கு இரண்டையும் கற்றுக்கொடுப்பதில் எந்த முரணும் இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தையும் இப்படியே பேசலாம். இன்னும் பிறக்காத மீனவப் பிள்ளைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா? படைப்பைப் பேணுவது கடமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் சுற்றுமடலே எழுதினார். வருங்கால மனிதரின் நலம் என்று மனிதநேயம் அதே இடத்துக்கு வருகிறது.

மருத்துவமனை வராந்தாவில் இரண்டும் நேர் எதிராக நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஸ்டான்லியிலோ வேறு எங்கோ வென்டிலேட்டரில் இருக்கும் அப்பாவுக்கு இனி பலன் இல்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். "மெஷின எடுத்தா கொலப் பாவம் ஆயிடுமே" என்று அம்மா அழுகிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2278-ஆம் எண்ணில், பாரமான, அபாயமான, கிடைக்கும் பலனுக்குப் பொருந்தாத சிகிச்சையை நிறுத்துவது சரியே என்கிறது. அங்கே மரணத்தை வரவழைக்கவில்லை, தடுக்க முடியாததை ஏற்றுக்கொள்கிறோம். மனிதநேயர் நோயாளியின் விருப்பத்தையும் வலியையும் வைத்து அதே முடிவுக்கு வருவார். உச்ச நீதிமன்றம் 2018-ல் இதற்கு வழி திறந்தது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்று முன்கூட்டியே விருப்ப ஆவணம் எழுதிவைக்கலாம். பிறகு மருத்துவமனையில் மூன்று டாக்டர்கள் கொண்ட முதல் குழுவும், அடுத்து இரண்டாவது குழுவும் ஒப்ப வேண்டும். இந்தத் தாளை எழுதிவைக்க எந்த நம்பிக்கையும் தடை அல்ல. பிரிவது ஊசி போட்டு உயிரை முடிப்பதில்தான். மனிதநேயர் பலர் அதை ஏற்பார்கள், திருச்சபை ஏற்காது. இந்தியச் சட்டமும் அனுமதிக்காததால் அந்தச் சண்டை இப்போதைக்கு நம் வீட்டு வாசலுக்கு வரப்போவதில்லை.

உண்மையான பிளவு உடலும் உறவும் சார்ந்த விஷயங்களில்தான். செயற்கைக் கருத்தடையைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-ல் மறுத்தார், அந்தப் போதனை இன்னும் மாறவில்லை. கருக்கலைப்பு கத்தோலிக்கருக்குக் கடும் பாவம்; 1971 சட்டமும் 2021 திருத்தமும் 20 வாரம் வரை ஒரு டாக்டர், சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் ஒப்புதலோடு அதை அனுமதிக்கின்றன. ஒருபால் உறவைக் குற்றம் அல்ல என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படிப்பட்டவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும் என்று சொல்லும் அதே மறைக்கல்வி, அந்த உறவை ஏற்பதில்லை. இங்கே யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லாத ஒன்றைத் தவறு என்று சொல்ல மனிதநேயத்திடம் காரணம் இல்லை. இந்த மூன்றிலும் நாங்கள் மனிதநேயத்தின் பக்கமே நிற்கிறோம். தன் உடலைக் கண்டு தானே வெட்கி ஒடுங்கும் ஒரு பிள்ளைக்கு நேரும் சேதம் சின்னதல்ல. சபையைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், பிள்ளைக்குப் பதினான்கு பதினைந்து வயதாகும் முன்பே இவற்றில் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தங்களுக்குள் பேசி முடித்திருக்க வேண்டும்.

தவறினால் திருத்துவது யார்?

கலாத்தியர் 3:28 யூதன், கிரேக்கன், அடிமை, உரிமைக்குடிமகன், ஆண், பெண் என்ற வேறுபாடு கிறிஸ்துவுக்குள் இல்லை என்கிறது. அந்த வசனம் இருந்தும் தமிழ்க் கிறிஸ்தவம் சாதியோடு நூற்றாண்டுகள் குடித்தனம் நடத்தியது. ஆலயத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் உட்காரும் வழக்கத்தை ஒழிக்க 1833-ல் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பியபோது, தென்னிந்திய சபைகளில் பலர் எதிர்த்து நின்றார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையின் சாதிச் சுவர் நம் காலத்திலும் செய்தியானது. வேதம் தெளிவாகச் சொன்ன ஒன்றையே ஒரு சமூகம் காதில் வாங்காமல் இருக்க முடியும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இதை வைத்து மனிதநேயர் மார்தட்டவும் வழியில்லை. சாதி ஒழிப்பு மேடையில் பேசிவிட்டு வந்த வீட்டிலேயே, மகள் வேறு சாதிப் பையனைச் சொன்னதும் முகம் கறுத்த கதை வியாசர்பாடியிலும் உண்டு, பெரம்பூரிலும் உண்டு. வித்தியாசம் ஒன்றுதான். மனிதநேயர் தவறினால் அவர் கையிலிருக்கும் கொள்கையை வைத்தே மடக்கலாம். தப்பிக்க அவரிடம் வசனம் இல்லை. வேதத்தில் கலாத்தியரும் இருக்கிறது, அடிமைகள் எஜமானருக்குக் கீழ்ப்படியட்டும் என்று சொல்லும் எபேசியர் 6:5-உம் இருக்கிறது. எதை மேலே வைத்து எதைப் படிப்பது என்று முடிவு செய்யும்போதே வாசிப்பவரின் மனசாட்சி முன்னால் வந்துவிடுகிறது. திருச்சபையும் இதை அறியும்: மனசாட்சியின் உறுதியான தீர்ப்புக்கு மனிதன் எப்போதும் கீழ்ப்படிய வேண்டும் என்று மறைக்கல்வி நூலின் 1790-ஆம் எண்ணிலேயே எழுதிவைத்திருக்கிறது. அந்த வரியைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் மறைக்கல்வி ஆசிரியர் கிடைத்தால் அந்தப் பங்குக் கோயிலை விட்டுவிடாதீர்கள்.

பிள்ளை நல்லவனாவது எப்படி?

இங்கே கிறிஸ்தவத்தின் கை ஓங்கியிருக்கிறது. ஞாயிறுதோறும் பூசை, அதை ஒட்டி மறைக்கல்வி அல்லது ஞாயிறு பள்ளி, புதுநன்மை, உறுதிபூசுதல், இடையில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டம் என்று பத்துப் பன்னிரண்டு வருடம் விடாமல் ஓடும் ஏற்பாடு அது. பெற்றோர் களைத்துப்போனாலும் ஏற்பாடு நிற்பதில்லை. வின்சென்ட் தே பவுல் சபைக்காரரோடு ஏழை வீட்டுக்குப் போய்வரும் ஒரு பதினைந்து வயதுப் பையன், தர்மத்தைப் பற்றிப் பத்துப் புத்தகம் படித்தவனைவிட அதிகம் கற்றுக்கொள்கிறான்.

குருவானவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேட்கும் பாவசங்கீர்த்தனத்தை உற்றுப் பார்த்தால் அதன் கட்டமைப்பு வியக்க வைக்கிறது. பழைய ஞானோபதேசத்தின்படி ஐந்து படிகள்: செய்ததை நினைத்துப் பார்ப்பது, மனம் வருந்துவது, இனி செய்வதில்லை என்று தீர்மானிப்பது, வாய்விட்டுச் சொல்வது, பரிகாரம் செய்வது. தவறு செய்த பிள்ளை குற்ற உணர்வில் மூழ்கிவிடாமலும், அதைத் துடைத்துப்போட்டுவிட்டுப் போய்விடாமலும் இருக்க இந்த ஐந்தும் தேவை. இது கெடும் இடம், அடிபட்டவரை விட்டுவிட்டுக் கடவுளிடம் மட்டும் கணக்கு முடிப்பது. தம்பியை அடித்தவன் குருவானவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து தம்பியிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5:23–24 கேட்பதை அவனுக்குக் காட்ட வேண்டும்.

இன்னொரு கேடு நரகப் பயம். பயத்தால் வரும் ஒழுக்கம் பயம் இருக்கும்வரைதான். பதினாறு வயதில் நம்பிக்கை ஆட்டம் கண்டால், அதில் தொங்கிக்கொண்டிருந்த எல்லா நல்ல பழக்கமும் சேர்ந்தே ஆடும். ஆகவே சர்ச்சுக்கு அனுப்பும் வீட்டில் "சாமி கண்ணக் குத்தும்" என்பதை விட்டுவிட்டு, "அவனுக்கு வலிச்சுதுல்ல?" என்று முதலில் கேட்டுப் பழகுங்கள். காரணம் ஊன்றிவிட்டால் நம்பிக்கை போனாலும் அறம் நிற்கும்.

மனிதநேய வீட்டின் கேடு வேறு வகை. பிள்ளை எதை நம்பக்கூடாது என்று நன்றாகக் கற்றுக்கொள்கிறது. எதைச் செய்ய வேண்டும் என்று கற்றுக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியின் ஜெபமாலையைக் கிண்டல் செய்வதே பகுத்தறிவு என்று நினைத்துவிடுகிறது. கூட்டத்துக்குப் போவார்கள், வேப்பேரி பெரியார் திடலில் புத்தகம் வாங்குவார்கள்; ஆனால் வாராவாரம் பிள்ளையை உட்காரவைத்துப் பேசும் ஏற்பாடு இருக்காது. இந்தப் பக்கம் போக முடிவெடுத்தால் அந்த ஏற்பாட்டை நீங்களேதான் கட்ட வேண்டும், வேறு யாரும் செய்து தர மாட்டார்கள். வாரத்தில் ஒருநாள், நேரம் குறித்து, அரைமணி போதும். அந்த வாரம் நடந்த ஒரு விஷயம்: வகுப்பில் ஒருவனை எல்லாரும் ஒதுக்கினது, ஷேர் ஆட்டோவில் கூடுதலாக வந்த சில்லறை. யாருக்கு என்ன ஆச்சு, நீ அவன் இடத்தில் இருந்தால் என்ன, இப்போது என்ன செய்யலாம் என்று மூன்று கேள்வி. மாதம் ஒருமுறை உடம்பால் செய்யும் ஓர் உதவி. காசு கொடுத்து முடிப்பது கணக்கில் சேராது. தவறு செய்தால் மேலே சொன்ன ஐந்து படிகளையே, குருவானவர் இருந்த இடத்தில் பாதிக்கப்பட்டவரை வைத்துச் செய்யலாம். பிறப்பு, பூப்பு, சாவு வரும்போது கூடி நிற்க நாலு குடும்பங்களை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு நேரமில்லை, இரண்டு பேரும் ஷிப்டில் ஓடுகிறோம் என்றால், கொள்கையில் மனிதநேயராக இருந்தாலும் பிள்ளையை நல்ல ஒரு பங்குக் கோயிலுக்கு அனுப்புவதே மேல். ஒன்றுமே சொல்லிக்கொடுக்காமல் விடுவதைவிட அது எவ்வளவோ நல்லது.

இரண்டையும் சேர்த்து வளர்க்கலாமா?

வளர்க்கலாம். ஆனால் பெற்றோர் பெரும்பாலும் செய்வது போல அல்ல. காலையில் அம்மா சர்ச்சுக்குக் கூட்டிப்போக, மதியச் சாப்பாட்டின்போது அப்பா அன்றைய பிரசங்கத்தைக் கிழித்துத் தொங்கவிட்டால், பிள்ளை கற்பது ஒன்றே ஒன்று: யாரிடம் எதைச் சொன்னால் காரியம் ஆகும் என்பது. எட்டு வயதில் அதில் தேறிவிடுவார்கள்.

உருப்படியான வழி 1948-ல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தை எழுதியவர்கள் கண்ட வழி. லெபனானின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவரும், கன்பூசிய மரபில் வந்த சீனரும், மதமே வேண்டாம் என்ற நாடுகளும் ஒரே மேசையில் இருந்தார்கள். மனிதன் கடவுளின் சாயல் என்பதை முதல் பிரிவில் சேர்க்க பிரேசில் கேட்டது, சேர்க்கவில்லை. எது உரிமை என்ற பட்டியலில் ஒத்துப்போனார்கள், ஏன் என்ற காரணத்தை அவரவரிடம் விட்டார்கள். வீட்டிலும் அம்மாவும் அப்பாவும் ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு கடமைகளை எழுதலாம். பொய் சொல்லாதே, வீட்டு வேலைக்கு வருபவரை மரியாதையாகக் கூப்பிடு, சாதி கேட்காதே, அடிபட்டவனைத் தாண்டிப் போகாதே. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரும் தங்கள் காரணத்தைப் பிள்ளையிடம் சொல்லட்டும். நல்ல சமாரியன் கதை அப்பாவுக்கும் பிடிக்கும். அதில் உதவி செய்பவன் சரியான மதத்தைச் சேர்ந்தவனே அல்ல. ஒருவர் மற்றவர் காரணத்தைப் பிள்ளை முன்னால் கேலி செய்வதில்லை என்ற ஒரே விதியை இரண்டு தாத்தா பாட்டிக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பட்டியலில் ஒத்துவராத மூன்று நான்கு விஷயங்கள் மிஞ்சும். "இதுல நாங்க ரெண்டு பேரும் வேற வேற மாதிரி நினைக்கிறோம், பெரியவளானதும் நீயே யோசி" என்று சொல்வதால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போனதில்லை.

தாளில் வரும் விளைவுகள்

கோயிலில் கல்யாணம் நடந்திருந்தால், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதையெல்லாம் செய்வதாகக் கத்தோலிக்கத் துணை வாக்கு கொடுத்திருப்பார். மற்றவருக்கு அதைத் தெரிவித்திருப்பார்கள். அவர் வாக்குக் கொடுத்ததாக ஆகாது. குழந்தைத் திருமுழுக்குக்குப் பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், பிள்ளை அந்த நம்பிக்கையில் வளரும் என்ற நியாயமான எதிர்பார்ப்பும் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அந்த எதிர்பார்ப்பு இல்லை என்றால் பங்குத்தந்தை தள்ளிவைக்கலாம். ஆகவே உறவுக்காரர் வாயை மூட மட்டும் திருமுழுக்குக் கொடுக்காதீர்கள். பங்குத்தந்தையிடம் உண்மையைச் சொல்லிப் பேசுங்கள்.

பெற்றோரில் ஒருவர் பட்டியல் சாதி என்றால் இன்னும் கவனம் தேவை. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினர். சீக்கியரை 1956-லும் பௌத்தரை 1990-லும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரை இன்றுவரை சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவராகவே வாழ்ந்துகொண்டு பட்டியல் சாதிச் சான்றிதழ் கோர முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது. ஞானஸ்நானம் வாங்கியதும் சேரிக்காரன் என்ற வசை நின்றுவிடுவதில்லை, சலுகை மட்டும் நின்றுவிடுகிறது. இது அநியாயம். ஆனால் சட்டம் மாறும்வரை, பதினெட்டு வயதில் பிள்ளையே முடிவெடுக்கட்டும் என்று சில குடும்பங்கள் திருமுழுக்கைத் தள்ளிவைப்பதைக் குறை சொல்ல முடியாது. மறைக்கல்வி வகுப்பில் உட்கார அனுமதிக்க முடியுமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டுப் பாருங்கள்.

எந்த மதமும் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் பள்ளியில் சேர்க்கும்போது சாதி, மதம் கேட்கும் இடத்தில் இல்லை என்று எழுதலாம், அல்லது காலியாக விடலாம். தமிழக அரசின் 1973 ஆணை இதை அனுமதிக்கிறது. சில பள்ளி அலுவலகங்களில் கம்ப்யூட்டர் ஏற்காது என்பார்கள். அரசாணை நகலோடு தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். ஆனால் காலியாக விட்டால் இடஒதுக்கீடும் கிடையாது. பின்னால் சமூகச் சான்றிதழ் தேவைப்பட்டால், பெற்றோரின் சான்றிதழை வைத்துத் தாசில்தார் அலுவலகத்தில் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதனால் பெற்றோர் இருவரின் சான்றிதழ்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.